இசைத்தட்டு கேள்வி – பதில்: உங்கள் வீட்டில் என்ன சுழல்கிறது?

சென்ற இதழில், வீட்டில் இப்போது எந்த இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று வாசகர்களிடம் கேட்டிருந்தேன். பதில்களோடு கேள்விகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. முதலில் எனக்கே வைத்த கேள்வி.

ஊரையெல்லாம் கேட்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது?
– வாசகர், பெரம்பூர்

காலையில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். 1963-இல் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு. ‘கோவில் ஒலிபெருக்கியில் தினமும் கேட்பதுதானே, இதற்குத் தட்டு எதற்கு?’ என்று என் மருமகள் கேட்டாள். மந்தைவெளியில் குடியிருப்பவர்களுக்கு அது பால் பாக்கெட் வரும் நேரத்துச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது. காதில் விழுகிறது, யாரும் கேட்பதில்லை. கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். எம்.எஸ். குரலோடு மகள் ராதா விஸ்வநாதனின் குரல் சேர்ந்து வருவது அப்போதுதான் பிரிந்து தெரியும். இரண்டு பேரும் ஒரே சொல்லில் எடுத்து ஒரே சொல்லில் நிறுத்துகிறார்கள். ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை. இந்தத் தட்டின் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கே கொடுத்துவிட்டார் எம்.எஸ். அதை நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் ஊசியை இறக்குகிறேன்.

மாலையில் பேரன் முறை. அவன் வைப்பது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் என்பவருக்கும் இளையராஜா சமர்ப்பித்த இசை. வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காக நானும் கூடவே உட்கார்ந்துவிடுவேன்.

தாத்தாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். கனமான பழைய தட்டுகள், கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் என்று லேபிளில் இருக்கிறது. மகன் புதிதாக வாங்கிய பிளேயரில் போடலாமா?
– வாசகி, நங்கநல்லூர்

அம்மா, தயவுசெய்து இன்றைக்குப் போட வேண்டாம். உங்களிடம் இருப்பவை நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் ‘78’ வகைத் தட்டுகள். அவை இப்போதைய வினைல் பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் பூச்சி உண்டாக்கும் அதே அரக்கோடு கல்பொடி சேர்த்து அழுத்திய தட்டு. கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும்.

முதலில் பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அதோடு முடியவில்லை. எல்.பி. ஊசியின் முனை ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. 78 தட்டில் ஊசி ஓடும் கோட்டுப் பள்ளத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் அங்குள்ள அழுக்கைத்தான் கிளறும். பாட்டு இருப்பதோ பள்ளத்தின் சுவர்களில். 78-க்கென்று தனி ஊசி கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பெட்டியோடு பழைய கைச்சாவி கிராமபோனும் இருந்தால், அதன் எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். அந்த கிராமபோனில் எல்.பி. தட்டை மறந்தும் வைக்கக் கூடாது. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

துடைக்கும்போது ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் அருகில் வரக் கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மெல்லிய துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். லேபிளில் ஈரம் படக் கூடாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் காலமானார். அவர் சினிமாவில் நடிக்கவில்லை. மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்று இல்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டுகளால்தான். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம். அதற்குள் ராகத்தைக் காட்டி, பாட்டை எடுத்து, உச்சிக்குப் போய், நிறுத்தியாக வேண்டும். ஒரு விநாடிகூட வீணாக்காமல் பாடியிருப்பார்கள். சரியான ஊசி வந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தப் பாட்டு என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் பழைய பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தார். 110 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோம். ஓடுகிறது, ஆனால் பாடகிகள் எல்லாம் ஆண் குரலில் பாடுகிறார்கள். தட்டு கெட்டுவிட்டதா?
– வாசகர், அண்ணா நகர்

தட்டின் மேல் குற்றமே இல்லை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 அலை; நம்முடையது 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் அந்த ஹெர்ட்ஸ் கணக்குப்படிதான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு உங்கள் வீட்டில் 28-க்கும் குறைவாகச் சுற்றுகிறது. கச்சேரியில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் சொன்னால், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே போய்விடுவார். வயலினும் மிருதங்கமும் கூடவே இறங்கிவிடுவதால் சுருதி பிசகியதாகத் தெரியாது. ஆள் மாறியது போலத்தான் தெரியும்.

சில பிளேயர்களில் மோட்டார் தண்டில் மாட்டும் சிறிய கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றலாம். பழுது பார்ப்பவரிடம் அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேறு பிளேயர்தான் வழி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைக்கும் மற்றவர்கள், பின்பக்கத் தகட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஹெர்ட்ஸைச் சாராமல் ஓடும் டி.சி. (நேர்மின்) மோட்டார் என்றால் இந்தத் தொல்லையே கிடையாது.

மழைக்காலம் வந்தால் தட்டில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.
– வாசகி, தாம்பரம்

பூஞ்சைதான். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிறுத்திவைத்து உலரவிடுங்கள். அட்டைக்கு உள்ளே இருக்கும் பழைய காகித உறையை எறிந்துவிடுங்கள், பூஞ்சை அதில்தான் குடியிருக்கும். குளியலறையை ஒட்டிய சுவரில் அலமாரி வேண்டாம். வெயிலில் காய வைக்கவே வேண்டாம், சென்னை வெயிலில் எல்.பி. வளைந்துவிடும். எந்தப் பருவத்திலும் தட்டுகளை நிற்க வைத்தே அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது கெடும்.

சென்னையில் பழைய தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், வேளச்சேரி

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் என்ற பழம்பொருள் சந்தை இருந்த காலத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கக் கடைக்காரர்களே இருந்தார்கள். 1985-இல் அது எரிந்துபோனதில் இந்த ஊர் இழந்தவற்றில் அந்தப் பேச்சும் ஒன்று.

தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடியுங்கள். கருப்பு பளபளக்க வேண்டும். சாம்பல் பூத்தது போல் இருந்தால் கனமான ஊசி தேய்த்த தட்டு, கழுவினாலும் தேறாது. அடுத்து லேபிளின் நடுத்துளையைப் பாருங்கள். துளையைச் சுற்றி மெல்லிய கீறல்கள் கிடக்கும். ஒவ்வொரு முறை தட்டை வைக்கும்போதும் பிளேயரின் நடுக்கம்பி தடவிய தடம் அது. நிறைய இருந்தால் நிறைய ஓடிய தட்டு. இதை யாரும் அழிக்க முடியாது, ஆகையால் விற்பவர் சொல்வதைவிட இதையே நான் நம்புவேன். எச்.எம்.வி.யின் கர்நாடக இசைத் தட்டுகளில் எண்ணுக்கு முன்னால் ஈ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ (இரு தடத்தில் ஒலி), ஈ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ (ஒரே தடம்). மோனோ என்று ஒதுக்காதீர்கள். பெரிய வித்வான்களின் நல்ல காலம் பல அதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் ‘திருவிளையாடல்’ கதை வசனத் தட்டு. அப்பாவுக்கு 80 வயது, தருமியின் வசனம் முழுவதையும் கூடவே சொல்வார். இதுவும் உங்கள் கணக்கில் சேருமா?
– வாசகி, ராயபுரம்

கட்டாயம் சேரும். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் மைக்செட்காரர்கள் போட்டுப் போட்டு, படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமான வசனம் அது. அப்பா சொல்லும்போது ஒருமுறை கைபேசியில் பதிவு செய்துவையுங்கள்.

கைபேசியில் எல்லாப் பாட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. தட்டில் ஒலி அதைவிட உயர்ந்தது என்று நிரூபிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், சேப்பாக்கம்

முடியாது, தம்பி, முயலவும் மாட்டேன். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவில் எல்.பி. தாங்கும் இடைவெளி, சி.டி. தாங்குவதைவிடக் குறைவு. கரகரப்பும் உண்டு. ஆனால் எல்.பி.யில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டுமானால் எழுந்து போக வேண்டும். நான் எழுந்து போவதில்லை. அப்படி உட்கார்ந்ததால் எனக்குப் பழகிய ராகங்கள் உண்டு. உங்கள் கைபேசியிலும் ஒரு கச்சேரியை முதலிலிருந்து முடிவு வரை நிறுத்தாமல் கேளுங்கள், எனக்கு அதுவே போதும்.

தட்டு இரவல் தருவீர்களா?
– வாசகர், மயிலாப்பூர்

தர மாட்டேன். ஆனால் நண்பர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் கேட்கும் தட்டை எடுத்து இரண்டு பக்கமும் போடுவேன். உங்கள் தெருவிலும் தட்டு வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார், விசாரியுங்கள்.