எழுத்து (விவாகப் பதிவு) இல்லாத கலியாணம்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகள்

களுவாஞ்சிக்குடி: கோயிலில் தாலி கட்டி 22 வருசம். எழுத்து எழுதவில்லை. போன மாதம் அவர் இறந்து போனார். நான் மனைவியே இல்லையாம், காணியில் பங்கும் இல்லையாம் என்கிறார்கள் அவருடைய தம்பிமார்.

அக்கா, பதியவில்லை என்பதற்காக மட்டும் கலியாணம் செல்லாமல் போகாது. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதிவு இருந்தால் அதுவே சிறந்த சான்று. இல்லாவிட்டால் சடங்கை நிரூபிக்கலாம். தாலி, கூறை, ஐயர், சபையில் இருந்தவர்கள். ஐயர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

சாட்சிகள் போய்ச் சேர்ந்துவிட்டாலும் வழி இருக்கிறது. ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை, மாறாகத் தெளிவாக நிரூபிக்கப்படும்வரை, முறையாக மணந்தவர்களென்றே சட்டம் அனுமானிக்கும். இலங்கை வழக்கொன்றில் 1881இல் பிரிவி கவுன்சில், அதாவது அந்தக் காலத்தில் எங்கள் கடைசி மேன்முறையீட்டைக் கேட்ட லண்டன் மன்றம், சொன்னது இது. வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் உதவும். ஆனால் நான் முதலில் கேட்பது மரண அறிவித்தல் நோட்டீஸை. அதில் உங்கள் பெயரைப் போட்டு ‘அன்புக் கணவரும்’ என்று அச்சடித்தது அந்தத் தம்பிமார்தானே? குடும்பத்தார் நடந்துகொண்ட விதமும் சான்றுதான். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 50ஆம் பிரிவைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மனைவி என்று நிறுவினால், அவர் மரணசாசனம் எழுதாமல் விட்ட சொத்தில் பாதி உங்களுக்கு. தேசவழமை என்பது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம், அதைச் சொல்லி யாராவது குழப்பினால் விட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பு நகர்: சடங்கு எதுவும் செய்யாமல் மூன்று வருசமாகச் சேர்ந்து இருக்கிறோம். எத்தனை வருசத்தில் கலியாணமாகும்?

தம்பி, அப்படி வருசக் கணக்கு ஒன்றும் எங்கள் சட்டத்தில் இல்லை. சடங்கே நடக்கவில்லை என்று தெரிந்தால், மேலே சொன்ன ‘முறையாக மணந்தவர்கள்’ என்ற அனுமானமும் உடைந்துவிடும். இரண்டு பேரும் உயிரோடுதானே இருக்கிறீர்கள், போய் எழுதுங்கள். அதுவரை அவவுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்பவர்களையும் உள்ளடக்கும்.

திருக்கோவில்: அவருக்கு முதல் எழுத்து இருக்கிறது, விவாகரத்து எடுக்கவில்லை. எனக்கு ஒரு மகள்.

கசப்பான பதில்தான். முதல் கலியாணம் நிலைத்திருக்கும்வரை இரண்டாவது செல்லாது. எத்தனை தாலி கட்டினாலும், எத்தனை சாட்சி வந்தாலும் அதுதான். மகளின் கதை வேறு. 1999ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவு கொடுக்க வேண்டும். தகப்பன் அவர்தான் என்பதைக் காட்டினால் போதும்.

அக்கரைப்பற்று: எங்கள் நிக்காஹ் பதியப்படவில்லை. இந்தப் பதில்கள் எங்களுக்கும் பொருந்துமா?

இல்லை, உங்களுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதிலும் பதியாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போகாது. பிணக்கென்றால் காதி நீதிமன்றம்.

கல்முனை: எழுதியிருந்தோம், பத்திரம் சுனாமியோடு போய்விட்டது.

அப்பாடா, லேசான கேள்வி. போனது உங்கள் பிரதிதான், கலியாணம் அல்ல. பிரதேச செயலகத்தில் திகதியும் பதிவாளர் பிரிவும் சொல்லிப் புதுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.