கொழும்பில் பல்கலைக்கழக விடுதியில் உடல்நிலை காரணமாகக் கீழ்த்தள அறை கேட்கலாமா? யாரிடம், எப்படிக் கேட்பது?

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறீர்கள், முழங்கால் வருத்தத்தால் மாடி ஏற முடியாது, கீழே அறை கேட்டால் தருவார்களா, சீனியர்கள் கேலி செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்கலாம். வந்து பார்த்துவிட்டுக் கேட்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பதினொரு வயதில் மூட்டுவாதம் வந்தது. சிறு பிள்ளைகளுக்கு வரும் வகை. இரண்டு முழங்காலும் கணுக்காலும்தான் பிரச்சினை. விடிய எழும்பும்போது மூட்டெல்லாம் இறுகிப்போய் இருக்கும், ஒரு மணித்தியாலம் போனால் மெல்ல இளகும். பத்து மணிக்குப் பிறகு என்னைப் பார்க்கிற எவருக்கும் எனக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. விரிவுரைக்கு நடந்து போவேன், கன்டீனில் வரிசையில் நிற்பேன். விடுதிக் கதை முழுக்க இந்த இடத்தில்தான் சிக்கியது. ஊன்றுகோல் இருந்தால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு அது இல்லை.

விடுதிப் படிவம் எங்கள் ஊரான மல்லாவிக்குத் தபாலில் வந்தபோது தூரம், குடும்ப வருமானம், கிராம சேவையாளரின் அத்தாட்சி எல்லாம் நிரப்பினோம். கடைசியில் 'விசேட காரணங்கள் இருப்பின்' என்று ஒரு வரி. "அதில ஒண்டும் எழுதாதை பிள்ளை, வருத்தக்காரி எண்டு இடம் தராமல் விட்டிடுவினம்" என்றார் அம்மா. நானும் விட்டுவிட்டேன். அம்மாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்பிள்ளையின் வருத்தத்தை வெளியே சொல்வதில்லை, அதற்குப் பின்னால் வேறு கணக்குகளும் இருக்கின்றன. ஆனால் அந்த வெற்று வரி எனக்கு நாலு மாதத்தைத் தின்றது.

கிடைத்தது மூன்றாம் மாடி, அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. மின்தூக்கி இல்லை. கழிவறை எல்லாம் குந்தி இருக்கிற வகை. மாடியைக்கூட ஒரு மாதிரிச் சமாளிக்கலாம், குந்தி எழும்புவது என்னால் முடியாது. ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலையில் விரிவுரைக் கட்டடத்துக்குப் போன பிறகுதான் கழிவறை, அங்கே கொமட் இருந்தது. இப்படியும் ஒரு கால அட்டவணை போட்டு வாழ்ந்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. நவம்பரில் ஒரு மழைநாள் விடியற்காலை, வேறு வழியில்லாமல் போய்க் குந்திவிட்டேன், எழும்ப முடியவில்லை. அறைத்தோழி, காலியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, கதவுக்கு மேலால் ஏறிக் குதித்து என்னைத் தூக்கினாள். அன்றைக்கே பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

அந்த டாக்டர் சொன்ன ஒரு விடயத்தை நீங்கள் முதலில் செய்யுங்கள். ஊர் கிளினிக்கில் கேட்டு நான் வாங்கி வைத்திருந்த கடிதத்தில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே கையொப்பம், முத்திரை, அவ்வளவுதான். டாக்டரிடம் போக முன்னர் அதை நலன்புரிப் பிரிவில் காட்டியபோது எழுதுவினைஞர் வாசித்துவிட்டு, "தங்கச்சி, இது தொத்துற வருத்தமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பெயரை வைத்து அவர் என்ன முடிவெடுக்க முடியும்? டாக்டர் சொன்னது இதுதான்: நோயின் பெயர் வைத்தியருக்கு. அறை பிரிக்கிறவருக்குத் தேவை, இவளால் என்ன முடியாது, அதற்கு என்ன வேண்டும் என்பது.

சரி, டாக்டரின் புதுக் கடிதம் இப்படி வந்தது. இவரால் படி ஏறுவது கடினம், ஆகவே தரைத்தளம் வேண்டும். குந்தி இருக்க முடியாது, ஆகவே கொமட் உள்ள கழிவறை பக்கத்தில் வேண்டும். மேல் தட்டில் ஏற முடியாது, கீழ்க் கட்டில் வேண்டும். காலையில் மூட்டு இறுக்கம் இருப்பதால் தயாராவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். இந்நிலை நீண்டகாலமானது, படிப்பு முடியும்வரை தொடரலாம். தொற்றாது. கடைசி வாக்கியத்தை நான் கேட்டுத்தான் போடவைத்தேன்.

'நீண்டகாலமானது' என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருடமும் புதுக் கடிதம் கேட்பார்கள். அது இருந்தால் கேட்கவே மாட்டார்கள் என்றில்லை, ஆனால் பழையதைக் காட்டி வாதாட ஒரு பிடி இருக்கும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தையும் கடைசி இரண்டு வருகையையும் போட்டோகொப்பி எடுத்து இணையுங்கள். முழுக் கொப்பியையும் கொடுக்க வேண்டாம். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு அலுவலகக் கோப்பில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

யாரிடம் கேட்பது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். பொதுவாக அறை ஒதுக்குவது நலன்புரிப் பிரிவு அல்லது மாணவர் விவகாரப் பிரிவு, அதற்குப் பொறுப்பாக ஓர் உதவிப் பதிவாளரோ சிரேஷ்ட உதவிப் பதிவாளரோ இருப்பார். கடிதத்தை அவருக்கு எழுதுங்கள். மருத்துவ அதிகாரியின் சிபாரிசு கூடவே போகட்டும். பிரதிகள் வார்டனுக்கும் உங்கள் பீடத்தின் மாணவ ஆலோசகருக்கும். வார்டனிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்தால், அவர் நல்லவராக இருந்தாலும் காரியம் நடக்காது. எங்கள் வார்டன் மிஸ் தங்கமானவர். ஆனால் பட்டியலில் கைவைக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை, "மேல கேளுங்க" என்றுதான் சொல்ல முடிந்தது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான விசேட அனுமதி என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாக நீங்கள் வந்திருந்தால், விடுதிக்கும் தானாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பட்சில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். பீடத்துக்கு அவரைப் பற்றித் தெரியும், விடுதிக்குத் தெரியாது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான்.

அலுவலகத்தில் எனக்கு நடந்த ஒரு கூத்து. கடிதம் கொடுத்த முதல் நாள் யன்னலுக்கு உள்ளே இருந்தவர் "ஹெட்ட என்ன" என்றார். எனக்கு அப்போது சிங்களம் பூச்சியம். 'என்ன?' என்று தமிழில் கேட்கிறார் என்று நினைத்து, வருத்தத்தின் கதையை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் மறுபடியும் "ஹெட்ட என்ன". நான் மறுபடியும் கதை. பின்னால் நின்ற அண்ணா ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு வரச் சொல்லுறார்" என்றார். நாளைக்குப் போனேன், அதற்கு அடுத்த நாளைக்கும். சிங்களம் தெரிந்த தோழி கூட இருந்தால் வேலை பாதியாகும். தமிழில் கடிதம் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதலாம்தான். ஆனால் அவசரம் என்றால் ஆங்கிலத்தில் ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு மேசையில் போய்க் கிடக்காது.

கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டு போய், உங்களிடம் இருப்பதில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. மூன்றாவது கிழமை என் கடிதத்தைக் காணவில்லை என்றபோது என்னைக் காப்பாற்றியது அந்த முத்திரைதான்.

கடைசியில் ஜனவரி நடுவில் தரைத்தளத்தில் ஓர் அறை தந்தார்கள். நான்கு பேர் இருக்கும் அறை, கீழ்க் கட்டில். கொமட் மட்டும் இல்லை. பொருத்துவதற்குப் பராமரிப்புப் பிரிவு, மதிப்பீடு, அனுமதி என்று இழுக்கும் என்றார்கள், இழுத்தது. அதுவரைக்கும் வெள்ளவத்தையில் இருக்கிற மாமா ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் துளை வெட்டிக் கொண்டுவந்து தந்தார். அதைக் குழிக்கு மேல் வைத்து இருந்தேன். நூறு கடிதத்தை விட அந்தக் கதிரை எனக்குப் பெரிது. வீட்டார் முதலில் சொன்னது, வெள்ளவத்தையில் போர்டிங் எடு, கரைச்சல் இல்லை என்று. வாடகையை விடுங்கள், அங்கே நான் பார்த்த அறைகள் எல்லாம் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. காலையில் இறுகிய காலோடு பேருந்து மிதிபலகையில் ஏறுவதையும் யோசிக்க வேண்டும். வளாகத்துக்குள் இருப்பதே எனக்கு மருந்து.

முடியாது என்று சொல்லிவிட்டால்? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் கட்டடங்களுக்குள் போய்வருவதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அம்மாவின் பயத்துக்கு நான் பின்னாளில் கண்டுபிடித்த பதில் அது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றி 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தி உத்தரவிட்டது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. உயர்கல்வியில் ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது அதில் உள்ள கடப்பாடு. இவற்றை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். சட்டத்தோடு வருகிறவரைப் பார்த்ததும் அலுவலகம் கோப்பை மேலே அனுப்பிவிடும், மேலே போனது இறங்க மாதமாகும். இரண்டாவது கடிதத்தில் ஒரு பந்தி போதும்.

எழுத்தில் மறுத்தால் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அறைகள் எந்த அளவுகோலில் ஒதுக்கப்படுகின்றன என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கப்போகிறேன் என்று மாணவ ஆலோசகரிடம் சாதாரணமாகச் சொன்னேன். அந்தக் கிழமையே தொலைபேசி வந்தது. அதனால்தானா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

சீனியர்கள் விடயம். உண்மையைச் சொன்னால் கேலியை விட எனக்கு வலித்தது பொறாமை. "ஆளைத் தெரிஞ்சு கீழ அறை எடுத்திட்டா", "நடக்கேக்க நல்லாத்தானே நடக்கிறா". தமிழ்ப் பிள்ளைகள்தான் சொன்னார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டு திரிந்தேன், பிறகு விட்டுவிட்டேன். அறையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் முழுதாகச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு என்னைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான், மிச்சம் பேருக்கு அவர்களே பதில் சொன்னார்கள். பகிடிவதை வேறு. படி ஏறி இறங்கச் சொல்வது, முழங்காலில் நிற்கச் சொல்வது எல்லாம் உங்களுக்கு விளையாட்டு இல்லை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அந்த நாட்களில் டாக்டர் கடிதத்தின் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். ஒரு அக்காவிடம் எடுத்து நீட்டினேன். வாசித்துவிட்டு, "போ, போய்ப் படு" என்றார். பிறகு அவரே எனக்குக் குறிப்புகள் எல்லாம் தந்தார்.

விடுமுறைக்கு விடுதி மூடும்போது சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள், அதற்கும் முன்கூட்டியே வார்டனிடம் உதவி கேளுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் பலருக்கு விடுதி இல்லாமல் போகும், முதல் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும்தான் முன்னுரிமை என்பார்கள். அதனால் பட்டியல் வருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே பழைய கடிதத்தின் பிரதியோடு புதுக் கடிதம் கொடுங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு உங்களுக்கு இடம் கொடுப்பதென்றால் இன்னொரு பிள்ளையை எழுப்ப வேண்டும், அதை எவரும் செய்ய மாட்டார்கள்.

கொமட் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் பொருத்தினார்கள். கதிரையை வார்டன் மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கட்டடத்தில் விழுந்து கால் முறிந்த ஒரு தங்கச்சி அதைத்தான் பாவித்தாளாம். இன்னும் களஞ்சிய அறையில் இருக்கிறது, ஒரு கால் மட்டும் வளைந்துவிட்டது என்று போன மாதம் கேள்விப்பட்டேன்.