கார்க் கவுண்டியின் பழைய கடிதங்கள்: ஸ்டாம்ப் இல்லாவிட்டால் வாங்கலாமா?

அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பழைய சாமான் சந்தையில் மடித்த கடிதங்கள் கிடைக்கின்றன, ஸ்டாம்பே இல்லை, வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். 1840 மே மாதம் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் வரும் வரை ஸ்டாம்பே கிடையாது. தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துத்தான் கட்டணம், அதுவும் பெரும்பாலும் பெறுபவர் தலையில். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு என்பதால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளியே முகவரி எழுதினார்கள். முகப்பில் கிறுக்கலாக ஒரு எண் இருக்கும், அதுதான் கட்டணம். கறுப்பு மை என்றால் பெறுபவர் தர வேண்டியது, சிவப்பு என்றால் அனுப்பியவரே கட்டிவிட்டார்.

தபால் முத்திரையில் ஊர்ப்பெயருக்குக் கீழே எண் இருந்தால் அது டப்ளினிலிருந்து எத்தனை மைல் என்பது. கூகுள் மேப்பில் பார்த்துக் குழம்பாதீர்கள், அது ஐரிஷ் மைல், 2,240 கெஜம். 110 என்று இருந்தால் இன்றைய கணக்கில் 140.

கவுண்டி முழுவதையும் சேர்க்க நினைத்தால் கை கடிக்கும், ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கோவ். 1849ல் விக்டோரியா ராணி வந்து இறங்கியதும் குயின்ஸ்டவுன் ஆகி, 1920களின் தொடக்கத்தில் பழைய பெயருக்கே திரும்பிய துறைமுகம். அட்லாண்டிக் கப்பல்கள் தபால் ஏற்றி இறக்கிய இடம், டைட்டானிக் உட்பட.

1847 அயர்லாந்தின் பெரும் பஞ்ச காலம், அதனால் அந்தத் தேதி இருந்தாலே 'பஞ்சக் கடிதம்' என்று விலையை ஏற்றுவார்கள். உள்ளே படித்துப் பாருங்கள், பஞ்சத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் வக்கீல் பாக்கி கேட்டிருப்பார். அதே சமயம், குத்தகைக்காரர் பெயர்கள் வரிசையாக இருக்கும் சலிப்பான வாடகைக் கடிதத்தை விடாதீர்கள். 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி போய்விட்டது, அதனால் அந்தப் பெயர்கள் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நில மதிப்பீட்டை (யார் எந்த நிலத்தை வைத்திருந்தார் என்ற பட்டியல்) இணையத்தில் இலவசமாகத் தேடி, பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது, பாலியஸ்டர் உறை போதும். 1922ல் பிரிட்டிஷ் ஸ்டாம்ப் மேல் ஐரிஷில் அச்சடித்து வெளியிட்டவை கண்ணில் பட்டால் அவசரப்படாதீர்கள், அவற்றில் போலிகள் ஏராளம். விலை கூடினால் நிபுணர் சான்றிதழ் கேளுங்கள்.