விவரம் மாறலாம், தீர்ப்பு மாறலாமா?

கேள்வி: நாடகம், கச்சேரி, புத்தகம், ஓட்டல் என்று எதைப் பார்த்தாலும் விமர்சனம் எழுதிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்ற மலரிலும் ஓர் இந்தி நாடக இதழிலும் வெளியாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு பொது வடிவம் சொல்லித் தருவீர்களா? ‘படிக்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுது’ என்கிறார்கள் நண்பர்கள். அது இரட்டை நாக்கு ஆகிவிடாதா?
ஒரு வாசகர், மயூர் விகார், தில்லி

பதில்: கூடவே அனுப்பியிருந்த நறுக்குகளைப் படித்தேன். இரட்டை நாக்கு பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து வந்த அந்தச் சபா நாடகம் மன்ற மலரில் ‘குடும்பத்தோடு கண்டு களிக்க வேண்டிய நல்ல முயற்சி’. இந்தி இதழிலோ ‘அரதப் பழசான துணுக்குத் தோரணம்’. ஒரே நாடகம், ஒரே சாயங்காலம். மன்றச் செயலாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தாரோ?

நண்பர்கள் சொன்னது சரி. நீங்கள்தான் மாற்றக் கூடாததை மாற்றிவிட்டீர்கள். ஆளுக்குத் தகுந்தபடி மாற வேண்டியது விவரம். மலர் படிக்கிறவருக்குச் சபா நாடகம் என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டாம். சோபா, டெலிபோன், மாமனார், ஆள்மாறாட்டம் எல்லாம் அவருக்குத் தெரிந்த சங்கதி. பழைய நாடகத்தையே பெயர் மாற்றிப் போட்டார்களா, இடைவேளைக்கு அப்புறம் தொய்கிறதா, பின்வரிசைக்கு வசனம் கேட்டதா என்பதுதான் அவர் கேள்வி. மண்டி ஹவுஸ் அரங்குகளில் பழி கிடக்கும் இந்தி வாசகருக்குச் சிக்கல் வேறு. தேசிய நாடகப் பள்ளி 1999இல் பாரத் ரங் மகோத்சவத்தைத் தொடங்கியதிலிருந்து புரியாத மொழி நாடகங்களைப் பார்த்துப் பழகியவர் அவர். மொழி அவருக்கு ஒரு தடையே இல்லை. நடிகர்கள் ஏன் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சபையைப் பார்த்துப் பேசுகிறார்கள், சிரிப்பு அடங்கும்வரை ஏன் காத்திருக்கிறார்கள் என்றுதான் விழிப்பார். அந்த மரபை நாலு வரியில் சொல்லிவிட்டு, அப்புறம் ‘துணுக்குத் தோரணம்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள். மன்ற மலரிலும் அதையே சொல்லியிருக்க வேண்டும், குரலைச் சற்றுத் தணித்து. செயலாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அவ்வளவுதான்.

பொது வடிவம் கேட்டீர்கள். அதற்கு நான் எதற்கு? பவணந்தியார் நன்னூலில், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில், அதாவது அந்த நூலுக்கான முகவுரையில், என்னென்ன வர வேண்டும் என்று எட்டுச் சொல்லியிருக்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். பாயிரம் வேறு, விமர்சனம் வேறு என்பது எனக்கும் தெரியும். பாயிரத்தில் புகழலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த எட்டை வைத்து உங்கள் நறுக்குகளைச் சோதித்தேன். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் தவறாமல் வருகின்றன. ‘வழி’, அதாவது எந்த மரபிலிருந்து வந்தது என்பது, ஒன்றில்கூட இல்லை. ‘கேட்போர்’ எங்கேயும் இல்லை. அதே நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ மட்டும் நிறைய இருக்கிறது. பிரகதி மைதான் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நாவலைப் பற்றி எழுதப் புகுந்து, பாதிக் கட்டுரை மெட்ரோ நெரிசலிலேயே போய்விட்டது.

கச்சேரிக்கு வருகிறேன். சினிமா விமர்சனம் படிக்கிறவர் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் படிக்கிறார். தில்லியில் தமிழ்ப் படம் எத்தனை நாள் ஓடுமென்று நிச்சயமில்லாததால் அவருக்கு அவசரமும் உண்டு. கச்சேரியோ, உங்கள் எழுத்து அச்சேறும்போது முடிந்துபோன விஷயம். போகலாமா என்ற கேள்வியே அங்கே கிடையாது. வந்திருந்தவர் தம் காதுக்குப் பட்டது சரிதானா என்று பார்ப்பார். வராதவர் என்ன நடந்தது என்று கேட்பார். வர்ணம் முதல் மங்களம் வரை பாட்டுகளை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் அதனால் பயனில்லை. பிரதான உருப்படி எது, ஆலாபனை எங்கே விரிந்தது, நிரவலுக்கு, அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதற்கு, எந்த வரியை எடுத்தார், வயலின்காரர் பின்னாலேயே வந்தாரா, பதில் சொன்னாரா? ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, ‘தகரத்தில் ஆணி கீறினாற்போல் குரல்’ என்று ஒரு குத்து.

தில்லியில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிற தமிழருக்கு விமர்சகர் சுப்புடுவைப் போல் ஆகிவிடும் ஆசை வருவது இயற்கைதான். மத்திய அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இசையையும் நாட்டியத்தையும் அலசி, வித்வான்களின் தூக்கத்தைக் கெடுத்தவர், 2007இல் மறைந்தார். அவருடைய கிண்டலை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அவரே ஹார்மோனியம் வாசிக்கிறவர், ஸ்வரம் பிசகினால் காது காட்டிக்கொடுத்துவிடும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எந்த ராகத்தில், எந்த ஸ்தாயியில் குரல் கீறியது? அதைச் சொல்லியிருந்தால் ஆணியைக்கூட அனுமதித்திருப்பேன்.

ஓட்டலுக்கு அதிகம் வேண்டாம். எந்த வேளையில் போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள். ஒரே தடவைதான் போனீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது குழந்தைப் புத்தக விமர்சனம். ‘சிறுவர் இலக்கியத்துக்கு அரிய வரவு’ என்று முடித்திருக்கிறீர்கள். வாங்குகிறவர் அம்மா, படிக்கப்போவது பிள்ளை. இருவருமே உங்கள் கண்ணில் படவில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகளில் ஒன்றில் படித்தால் சரி. மற்றப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுத்து பெரிதாக இருக்கிறதா, பக்கத்துக்கு எத்தனை வரி, சொற்களைப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்களா, உரையாடல் பேச்சுத் தமிழிலா? கோயம்புத்தூரில் இருக்கிற அம்மா கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்துவிடுவார். மயூர் விகாரில் இருப்பவர் பெரும்பாலும் பார்க்காமலே பணம் கட்டி வரவழைக்க வேண்டும். அவருக்குக் கண் நீங்கள்தான். பக்கமும் விலையும்கூடப் போடவில்லையே!

புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் மூடி வைக்கிறது, எதற்குச் சிரிக்கிறது என்று சும்மா கவனியுங்கள். பிறகு 200 சொல்லுக்குள் எழுதி அனுப்புங்கள். சிறுவர் பக்கத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருக்கிறோம்.