பட்டறைப் பக்கம்: காலிப்பருக்கு பெயின்ட் அடிக்கலாமா?

கே: ஆறு வருடம் ஓடிய ஸ்விஃப்ட். அலாய் வீல் போட்டதும் உள்ளே துருப்பிடித்த காலிப்பர் (பேடுகளை டிஸ்க்மேல் அழுத்தும் பிரேக் பாகம்) அப்பட்டமாகத் தெரிகிறது. கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே கேனை வாங்கி வீட்டிலேயே அடிக்கலாமா? காலிப்பரைக் கழற்ற வேண்டுமா? (தூத்துக்குடி வாசகர்)

ப: வீட்டிலேயே அடிக்கலாம், ஆனால் அந்தக் கேன் வேண்டாம். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டுக்கு எமன் சூடு இல்லை, பிரேக் ஆயில்தான். ஒரு சொட்டு பட்டால் போதும், பெயின்ட் ஊறி, சுருங்கி, தோலாக எழும்பி வந்துவிடும். சைலன்ஸருக்கு அடிக்கும் 600 டிகிரி ஹீட் பெயின்ட்டும் இதற்குத் தோதில்லை. அது நல்ல சூட்டில் வெந்தால்தான் இறுகும். அன்றாட ஓட்டத்தில் காலிப்பர் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் அது அரைகுறையாகவே நின்றுவிடும்.

கேனில் ‘பிரேக் காலிப்பர்’ என்றே போட்டிருப்பதை வாங்குங்கள். ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால் பூசும் இரண்டு பாக வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் தூசு பறக்காது, அங்கங்கே மறைத்து ஒட்டும் வேலையும் பாதியாகும். ஸ்ப்ரே என்றால் முன் காலிப்பர் இரண்டுக்கும் 400 மில்லி கேன் ஒன்று தாராளம். கேன்மேல் 480 டிகிரி தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டாட் 3 பிரேக் ஆயிலின் தரத்தில் கொதிநிலை வரம்பே 205 டிகிரிதான், ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140. காலிப்பர் 480-க்குப் போகும் நாளில் பெயின்ட்டைப் பற்றிக் கவலைப்பட உங்களுக்கு நேரமிருக்காது.

காலிப்பரைக் கழற்றுங்கள், பிரேக் ஹோஸை மட்டும் கழற்றாதீர்கள். ஹோஸ் இணைப்பு அப்படியே இருந்தால் உள்ளே காற்று புகாது, பிளீடிங் வேலையும் (ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றுவது) மிச்சம். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஸ்டாண்டு இல்லையென்று ஹாலோ பிளாக்கை அடுக்காதீர்கள். அது விரிசல் காட்டி உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரின் பின்பக்கம் இருக்கும் இரண்டு கைடு பின் போல்ட்டுகளை எடுத்தால் காலிப்பர் கையோடு வரும். அதை ஹோஸில் தொங்க விடாமல், கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பேடுகளை (டிஸ்க்கை உரசும் பிரேக் கட்டைகளை) எடுத்துத் தனியே வையுங்கள். இந்த நேரத்தில் யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும், ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும்.

நாள் முழுக்க வேலை என்றால் அதில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகவே துடைத்தெடுங்கள். பிறகு வயர் பிரஷ், அதன்பின் 120 நம்பர் உப்புத்தாள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்க வேண்டாம், வார்ப்பிரும்பின் சொரசொரப்பில்தான் பெயின்ட் பிடிக்கும். உதிரும் துரு மொத்தமும் போக வேண்டும், மேலே கறைபோல ஒட்டியிருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியாக இன்னொரு முறை கிளீனர் அடித்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு ஏறாத வரைக்கும் கேனைத் தொட வேண்டாம்.

பெயின்ட் படக் கூடாத இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள்: பிஸ்டன், அதைச் சுற்றிய ரப்பர் பூட், ஹோஸ், கைடு பின், பேடின் முதுகு உட்காரும் உள்முகம், பிராக்கெட்டில் (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) பேடின் காதுகள் நுழையும் பள்ளம், பிராக்கெட் நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேரும் முகம். பிளீடர் நிப்பிளுக்குப் பழைய வைப்பர் வாஷர் ட்யூபில் ஒரு துண்டை வெட்டிச் செருகிவிடலாம். டிஸ்க்கை நியூஸ் பேப்பரில் சுற்றுங்கள்.

கேனை ஓர் அடி தள்ளிப் பிடித்து முதல் கோட்டைத் தூவலாக அடியுங்கள், அடியிலுள்ள இரும்பு தெரிந்தால்கூடப் பரவாயில்லை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெரும்பாலான காலிப்பர் பெயின்ட்டுகளில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஏழு நாள் கழித்துத்தான். சாயங்காலம் ஒரு கோட், மறுநாள் காலை ஒரு கோட் என்று அடித்தால், பாதி காய்ந்த அடிப்பூச்சை மேல்பூச்சு ஊற வைத்து, முழுதும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்கிவிடும். உங்கள் ஊர் ஈரப்பதத்துக்கு விடியற்காலையும் மழை நாளும் ஆகாது, பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறியபின், நிழலில் அடியுங்கள்.

24 மணி நேரம் காய விட்டு மாட்டுங்கள். கைடு பின் போல்ட், வீல் நட் இரண்டுக்கும் டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சிறிய கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரும். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளி மாட்டியிருப்பீர்கள் அல்லவா, முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். அதை ரோட்டில் தெரிந்துகொள்ளக் கூடாது.

கே: பெட்ரோலில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சிவப்பு அடித்தேன். இரண்டே மாதத்தில் பட்டை பட்டையாக உரிகிறது. கேன் போலியா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: கேன்மேல் பழி போடுவதற்கு முன் உரிந்த பட்டையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால் இரும்பில் எண்ணெய்ப் படலம் இருந்திருக்கிறது. துருத்தூள் ஒட்டியிருந்தால் துரு முழுதாகப் போகவில்லை. உங்களுடையது அநேகமாக முதல் வகை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் ஆவியானபின் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கை விட்டுச் செல்லும்.

பெயின்ட்டைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. பிரேக்கில் இருக்கும் ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். வகை. பிரேக் ஆயிலில் வருடக்கணக்கில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, பெட்ரோலும் டீசலும் பட்டால் ஊதிவிடும். டஸ்ட் பூட்டையும் கைடு பின் பூட்டையும் விரலால் நசுக்கிப் பாருங்கள். கொழகொழவென்றோ, உப்பியோ இருந்தால் ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுங்கள். பெயின்ட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கே: சின்ன பவுடர் கோட்டிங் கன் வாங்கியிருக்கிறேன். பழைய ஓ.டி.ஜி. அவனும் இருக்கிறது. காலிப்பரை அதில் போட்டு எடுக்கலாமா? (ஓசூர் வாசகர்)

ப: ஹோஸோடு தொங்கும் காலிப்பருக்குப் பெயின்ட் அடிப்பதும் இதுவும் ஒரே தராசில் நிற்காது. பவுடர் உருகி இறுக 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் வேண்டும், அதுவும் இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்தபின் எண்ண வேண்டிய நிமிடம். தடித்த வார்ப்பிரும்பு அங்கே வந்து சேரவே அரை மணிக்கு மேல் ஆகலாம். எந்த ரப்பர் சீலும் அதற்குள் இருக்கக் கூடாது. பிஸ்டன், சீல், பூட், நிப்பிள், பின் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கினால்தான் வேலை ஆரம்பமே. ஏர் கொடுத்து பிஸ்டனை எடுப்பதானால் எதிரே மரத்துண்டு வையுங்கள், விரலை வைக்காதீர்கள்.

வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எண்ணெயும் காற்றும் தங்கியிருக்கும். பவுடர் போடாமலேயே 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வேக வைத்து அதை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் பூசினால் பவுடர் உருகும்போது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சிலிண்டர் துளையையும் மரைகளையும் சிலிக்கான் பிளக்கால் அடைக்க வேண்டும். சாதாரண மாஸ்கிங் டேப் அந்தச் சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். சீல் உட்காரும் பள்ளத்தில் பவுடர் புகுந்து இறுகினால் ஒழுகல், இல்லையென்றால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். போல்ட் அமரும் முகத்தில் பூச்சு இருந்தால் முறுக்கிய இறுக்கத்தில் அது நாளடைவில் நசுங்கி, போல்ட் தளர்ந்துபோகும்.

திரும்ப மாட்டும்போது சீல்கள் புதிது, ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷர்கள் புதிது, பிறகு முழு பிளீடிங். இவ்வளவும் எதற்காக? சீல் கிட் மாற்றும் வேலை எப்படியும் வந்திருந்தால் பவுடர் கோட்டிங்கையும் சேர்த்துச் செய்யுங்கள். நிறத்துக்காக மட்டும் என்றால் நன்றாக இருக்கும் பிரேக்கைப் பிரிக்காதீர்கள். அந்த அவன் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கே: பெயின்ட் அடித்து மாட்டியபின் இடது முன் சக்கரம் மட்டும் சூடாகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது. (திருச்சி வாசகர்)

ப: பேடு பிராக்கெட்டில் சிக்கியிருக்கிறது. பேடின் காதுக்கும் பள்ளத்துக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. அங்கே மூன்று கோட் பெயின்ட் ஏறினால் பேடு உள்ளே போகும், திரும்பி வராது. பேடைக் கழற்றி, கட்டைவிரலால் தள்ளியே பள்ளத்தில் நகர்கிறதா பாருங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் அந்த இடத்து பெயின்ட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். கைடு பின் இரண்டும் கையால் உள்ளே வெளியே ஓட வேண்டும். அதற்கு பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும், வீல் பேரிங் கிரீஸ் கைடு பின் பூட்டை ஊத வைக்கும். இரண்டும் சரியென்றால் மாட்டும்போது ஹோஸ் முறுக்கிக்கொண்டதா என்று பாருங்கள்.

கே: பின்னால் டிரம் பிரேக். அதற்கும் சிவப்பு அடிக்கலாமா? (வேலூர் வாசகர்)

ப: டிரம்மின் வெளிப்புறத்துக்கு அதே பெயின்ட் அடிக்கலாம், கறுப்பு அல்லது சில்வர். சிவப்பு டிரம் எடுபடாது, அது எங்கள் ரசனை. சக்கரம் வந்து சேரும் தட்டை முகத்தில் மட்டும் பூச்சு வேண்டாம்.

கே: பெயின்ட் வேலையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு கவர் விற்கிறார்களே? (சேலம் வாசகர்)

ப: வேண்டாம். காற்றோட்டத்தை மறைக்கும், பசை சூட்டில் விட்டால் கவர் ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே சிக்கும்.

கே: கொல்லிமலை 70 வளைவுகளையும் இறங்கி வந்தபின் ஒரு பக்கக் காலிப்பரின் சிவப்பு மட்டும் பழுப்பேறிவிட்டது. மறுபக்கம் புதிது போலவே இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்துவிடவா? (நாமக்கல் வாசகர்)

ப: அடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து நிறம் மாறியிருந்தால் கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று சொல்லி முடித்திருப்போம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து பிஸ்டனோ கைடு பின்னோ ஒட்டிக்கொண்டு பேடு விடாமல் உரசியிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பாருங்கள். உள் பேடு, வெளிப் பேடு இரண்டின் தடிமனையும் அளந்து பாருங்கள். வெளிப் பேடு அதிகம் தேய்ந்திருக்காமல் உள் பேடு மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகம் கைடு பின்மேலும் பிஸ்டன்மேலும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.