இரவோடு இரவாகக் காலியான டேங்க்: பழைய கேரவனில் குளிர்கால சுவிட்சுகள்

கேள்வி: எனக்கு மதுரை பக்கம் திருமங்கலம். பழைய கேரவன் ஒன்று வாங்கி ஆறு மாதம் ஆகிறது. உள்ளே இருப்பதெல்லாம் ஐரோப்பியச் சாமான்கள். பேனலில் மூன்று சுவிட்சுகளுக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை, போட்டாலும் ஒன்றும் நடப்பதில்லை. எல்லாவற்றையும் ஆனிலேயே விட்டிருந்தேன். மார்கழியில் குடும்பத்தோடு கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூர் போய் வண்டியிலேயே தங்கினோம். விடிந்து பார்த்தால் 100 லிட்டர் டேங்க் காலி, வண்டிக்கு அடியில் ஒரே ஈரம், உள்ளே ஒரு லைட்டும் எரியவில்லை. ஆனால் இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் டேங்கை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். டேங்க் ஓட்டை என்றால் திருமங்கலத்திலேயே ஒழுகியிருக்கும்.

வெந்நீர் ஹீட்டர் பொருத்தியிருக்கும் இடத்தில், இருக்கைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்தில் சின்ன வால்வும், துருத்திக்கொண்டு நிற்கும் பொத்தானும் இருந்தால் விஷயம் அதுதான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். அது ஹீட்டரின் வெந்நீர்த் தொட்டியான பாய்லருக்குள் நடந்தால் பாய்லர் விரிசல் விட்டுப்போகும். அதைத் தடுக்க, அந்த இடத்தில் குளிர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் இந்த வால்வு தானாகத் திறந்து தண்ணீரைக் கீழே விட்டுவிடும். மார்கழி, தையில் கொடைக்கானல் மேல்மலையில் புல் மேல் உறைபனி படிகிற ஊர்களில் தங்கினால் இது நடக்கத்தான் செய்யும்.

ஆனால் இந்த வகை பாய்லர் பிடிப்பது 10 லிட்டர் அளவுதான். மீதி 90 லிட்டர் எங்கே போனது? பம்ப் சுவிட்சையும் ஆனில் விட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். லைனில் அழுத்தம் குறைந்தால் பம்ப் ஓடும். வால்வு திறந்து கிடந்ததால் அழுத்தம் ஏறவே இல்லை, அது டேங்க் முழுவதையும் இறைத்துவிட்டு வெறுமனே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உள்பேட்டரி தீர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. இன்ஜினுக்குத் தனி பேட்டரி, அதனால்தான் வண்டி ஸ்டார்ட் ஆனது. மலையில் இரவு படுக்குமுன் பம்ப்பை அணைத்துவிடுங்கள். காலையில் வால்வை மூடப் பொத்தானை அமுக்கினாலும் அது உடனே நிற்காது. வால்வு இருக்கும் இடம் 7 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் பிடிக்கும். வண்டிக்குள் சூடேற்றிவிட்டு அமுக்குங்கள். துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுப் பொத்தானை இறுக்கி வைப்பவர்கள் உண்டு. உறைபனி இருக்கும் இடத்தில் அந்த வேலை வேண்டாம், போனால் பாய்லரே போய்விடும்.

இனி அந்த மூன்று சுவிட்சுகள். நம் ஊரில் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிருக்கான சுவிட்ச் பலவற்றுக்குப் பின்னால் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். குளிர் வரும்வரை அது கரண்ட்டை விடாது. மார்கழி இரவிலும் மதுரை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே இங்கே அந்த சுவிட்ச் செத்ததுபோல் கிடக்கும், மலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரியாமலே உயிர் பெறும்.

சுவிட்சைத் தட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்து, சுவிட்சிலிருந்து ஒயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். தண்ணீர் டேங்கின் அடியில் ஒட்டிய ரப்பர் பாய் போன்ற ஒன்றில் போய் முடிந்தால் அது டேங்க் ஹீட்டர். டேங்கில் தண்ணீர் இருக்கும்போது, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் பையில் கட்டி அதன் தெர்மோஸ்டாட் மேல் பத்து நிமிடம் வையுங்கள். பேட்டரி ஒயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் ஆம்பியர் ஏறுவது தெரியும். எந்த சுவிட்ச், எத்தனை ஆம்பியர் என்று டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள்.

இந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். 60 வாட் ஹீட்டர் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 50 ஆம்பியர் மணி, அதாவது 100 ஆம்பியர் மணி (ஏஎச்) பேட்டரியில் பாதி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் வீணாகும். என் கருத்தைக் கேட்டால், கொடைக்கானலில் ஓரிரு இரவு தங்க டேங்க் ஹீட்டரே வேண்டாம். 100 லிட்டர் ஒரே இரவில் உறையும் குளிர் அங்கே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வண்டியில் குழந்தைகளும் தூங்குவார்கள். தரையோரம் உள்ள ஓட்டைகளில் குளிர்காற்று வருகிறதென்று துணி அடைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூட்டுக்காக கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிட்டுத் தூங்கவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அடுத்த பயணத்துக்கு முன் அதற்கான அலாரம் ஒன்று வாங்கி, தலைமாட்டுப் பக்கம் மாட்டுங்கள்.