ரயிலில் போகும் லேப்டாப்பில் 40 பேரின் கணக்கு

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் இரண்டு முறை ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறேன். லேப்டாப்பில் 40 பேரின் பான், ஆதார், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இருக்கிறது. சிலருடைய டிஎஸ்சி டோக்கனும் (டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவும் யுஎஸ்பி கருவி) அதே பையில்தான். பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன், அது போதுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போதாது, சகோதரி. என் பழைய லேப்டாப் ஒருநாள் ஆன் ஆகாமல் போனது. சர்வீஸ் கடைத் தம்பி உள்ளே கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டியில் செருகி, தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஐந்தே நிமிடம். என் குடும்பப் படங்கள், வருமான வரிக் கணக்கு எல்லாம் அவர் திரையில் வந்துவிட்டன. பாஸ்வேர்டை அவர் கேட்கவே இல்லை. எனக்கு உதவிதான் செய்தார். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எஸ்எஸ்டியில் இருப்பதையே பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதுதான் வழி. அதற்குப் பெயர் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும். பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. அது தொலைந்தால், ஏதாவது கோளாறு வரும் நாளில் உங்களாலேயே உள்ளே போக முடியாது. அதை அச்செடுத்து அலுவலக பீரோவில் வையுங்கள், லேப்டாப் பையில் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு பிறந்த தேதியாக இருந்தால் இவ்வளவு செய்தும் வீண்தான், அதையும் மாற்றிவிடுங்கள். லேப்டாப் அலுவலகத்துடையது என்றால் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். தயங்கினால், அடுத்தவர் விவரத்தை வைத்திருப்பவர்தான் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிற 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள்.

ரயில் ஏறுமுன் ஷட் டவுன் செய்துவிடுங்கள். மூடி மட்டும் வைத்தால் அது தூங்கும், அவ்வளவுதான். பூட்டைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே இருக்கும். பென் டிரைவையும் மறக்காதீர்கள். லேப்டாப்பைப் பூட்டியது அதற்குப் பொருந்தாது. அதில் காப்பி செய்த கோப்பு திறந்தபடிதான் கிடக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பதறவைத்தது டோக்கன்தான். பல அலுவலகங்களில் டோக்கன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி, பெயரையும் பின் நம்பரையும் எழுதி வைக்கிறார்கள். அது கையில் கிடைத்தவர் உங்கள் வாடிக்கையாளர் பெயரில் கையெழுத்தே போட முடியும். இன்றைக்கே அந்த ஸ்டிக்கரைக் கிழியுங்கள். அந்தப் பயணத்தில் யாருக்குக் கையெழுத்து வேண்டுமோ அவருடைய டோக்கனை மட்டும் எடுத்துப்போங்கள், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு, வேறு பையில். கோப்புகளும் அப்படித்தான். இரண்டு பேர் வேலைக்குப் போகும்போது 40 பேர் கணக்கு எதற்கு?

பையைத் தலைக்கு வைத்து, பட்டையைக் கையில் சுற்றிப் படுங்கள். இணையத்துக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

அப்படியும் பை போய்விட்டால், டிடிஇயிடம் சொல்லுங்கள் அல்லது 139க்கு அழையுங்கள். ரயில்வே போலீஸில் புகார் எழுதிக்கொடுங்கள். அப்புறம், விடியும்வரை காத்திருக்காமல் போனிலிருந்தே மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் இணைத்த லேப்டாப்பையும் நீக்குங்கள். டோக்கனும் போயிருந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லிச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். அன்றைக்கே வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள்தான். ஆனால் தங்கள் வங்கிக் கணக்கைக் கவனித்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

முதல்முறை என்கிரிப்ஷன் முடியச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதனால் பயணத்தன்று மாலை ஆரம்பிக்காதீர்கள். கோப்புகளுக்கு அலுவலகத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ஜரில் போட்டுத் தொடங்குங்கள்.